அம்பிக்கு நாலாவது ஊசி

எங்கள் சொசைட்டி லிஃப்டில் ஒரு திங்கட்கிழமை காலை இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது:

“வளர்ப்பு நாய், பூனை எல்லாவற்றுக்கும் ரேபிஸ் தடுப்பூசி கட்டாயம். ஊசி போடாத பிராணி வளாகத்தில் தென்பட்டால் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு ஃப்ளாட்டுக்கு ஒரு பிராணி மட்டுமே அனுமதி. இந்த அறிவிப்பு படிக்கத் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்கள் தங்கள் நாயிடம் கொடுத்து விளக்கம் பெறலாம். இப்படிக்கு, செயலாளர்.”

புனேயில் அறிவிப்பு என்றால் இப்படித்தான். விஷயம் பாதி, வசவு பாதி. வந்த புதிதில் எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்போதெல்லாம் வசவு இல்லாத அறிவிப்பைப் பார்த்தால்தான், யாராவது செத்துக்கித்துப் போய்விட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

செயலாளர் பெயர் வினாயக் சஹஸ்ரபுத்தே. இன்ஷூரன்ஸில் ரிட்டயர் ஆனவர். தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். மனைவி நாக்பூரில் மகளோடு இருக்கிறாள். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. மனிதருக்கு நாய் பிடிக்காது, பூனை பிடிக்காது, குழந்தைகள் சைக்கிள் விடுவது பிடிக்காது, மொட்டைமாடியில் வடாம் காயப்போடுவது பிடிக்கவே பிடிக்காது. பிடித்தது ஒன்றே ஒன்று, சத்கார். அதாவது மேடை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, சால்வை போர்த்தி, கையில் தேங்காயைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது. இந்த ஊரே அதில் கொஞ்சம் பைத்தியம்தான். ஆனால் தண்ணீர்த் தொட்டி கழுவியதற்கு சத்கார் நடத்திய சொசைட்டி எங்களுடையதாகத்தான் இருக்கும். கழுவினவனுக்கு இல்லை. கழுவச் சொன்னவருக்கு.

நான் ஜம்புநாதன். கேம்ப் என்கிற பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. போபோடி தாண்டி இந்த நிசர்க் விஹார் சொசைட்டியில் இரண்டாம் மாடி. எங்கள் ஒரே பிள்ளை தேஜஸ் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அகல்யா இரண்டு பேருக்குச் சமைக்க வராமல் மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த சமயத்தில்தான் அம்பி வந்தான்.

அம்பி ஒரு வெள்ளைப் பூனை. இடது காதில் மட்டும் டிகாஷன் சிந்தினமாதிரி ஒரு பழுப்புத் திட்டு. சாயங்காலம் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தால் வருவான். தயிர் சாதம் சாப்பிடுவான். அகல்யாவின் புடவைத் தலைப்பில் ஒரு தூக்கம் போடுவான். பிறகு பால்கனி வழியாகப் போய்விடுவான். மற்ற நேரத்தில் எங்கே இருக்கிறான் என்று நாங்கள் விசாரித்ததில்லை. தேஜஸையே அப்படி விசாரித்ததில்லை.

“தயிர் சாதம் தவிர ஒண்ணையும் தொட மாட்டான். முட்டை வாசனை பட்டாலே மூஞ்சியைச் சுளிக்கறான். போன ஜென்மத்துல நல்ல எடத்துல பொறந்திருக்கணும்” என்று அகல்யா போனில் கும்பகோணம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அறிவிப்பைப் பார்த்ததும் அவளுக்கு வேன் என்ற சொல்தான் கண்ணில் நின்றது. “ஏன்னா, அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்றாள். அந்த வாரமே லீவு போட்டேன். பிளாஸ்டிக் கூடையில் அம்பியை வைத்து, மேலே துண்டைக் கட்டி, ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். ஆட்டோக்காரர் கூடையில் என்ன என்று கேட்டார். பூனை என்றேன். மீட்டருக்கு மேல் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

டாக்டர் ஊசியை எடுத்ததும் அம்பி தானாகவே திரும்பி முதுகைக் காட்டினான். “இப்படி ஒரு சமத்துப் பூனையை நான் பார்த்ததே இல்லை” என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சான்றிதழ் கொடுத்தார். அதைக் காட்டியதும் செயலாளர் ஒரு பித்தளை வில்லை கொடுத்தார். அதில் ‘அம்பி, 203’ என்று வெட்டியிருந்தது. அகல்யா அதைச் சிவப்பு நாடாவில் கோத்து அவன் கழுத்தில் கட்டினாள். திருஷ்டி கழித்தாள்.

மறுநாள் சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. பால்கனியில் சலங்கைச் சத்தம் கேட்டது. அம்பி நடந்து வந்தான். கழுத்தில் மூன்று வில்லைகள்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தேன். ஒன்றில் ‘அம்பி, 203’. இன்னொன்றில் ‘மனி, 103’. மூன்றாவதில் ‘டைகர், 401’.

“யாரோ வெளையாடிருக்கா” என்றாள் அகல்யா. குரலில் தெம்பில்லை.

103-இல் இருப்பவர் டோங்க்ரே வஹினி, அதாவது டோங்க்ரே அண்ணி. சமாச்சாரத்தைச் சொன்னதும் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். இங்கே மராத்திக்காரர்கள் பேசியதையெல்லாம் நான் தமிழில்தான் சொல்கிறேன், பல்லைக் கடித்ததை மட்டும் சொல்ல முடியவில்லை. “மனி எங்க பொண்ணு. ரெண்டு வருஷமா காலைல பாலும் போளியும் இங்கதான் சாப்பிடறா. போளியை நான் கிள்ளிக் கிள்ளி நெய் தடவிக் கொடுக்கணும். பாருங்க, வயிறு எப்படி இருக்கு. இந்த மாசமே குட்டி போட்டுடுவா” என்றார்.

அம்பி ஆண். வயிறு, மூன்று வீட்டுச் சாப்பாடு. போளி என்றால் நம் ஊர்ப் போளி இல்லை, சப்பாத்திதான்.

வஹினியையும் அம்பியையும் கூட்டிக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினோம். அங்கே இருதயராஜ். மூன்று தலைமுறையாகப் பக்கத்துக் கட்கியில் இருந்த தமிழ்க் குடும்பம். இவர் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நல்ல மனுஷன். கதவைத் திறந்ததுமே “வாங்கோ சார், பைட்டோ” என்று நாற்காலியைத் தட்டினார்.

“டைகரா? அது நம்ம புள்ள சார். ஷிஃப்ட் முடிஞ்சி நான் வர்றதுக்குள்ள வாசல்ல வந்து குந்திக்கினு இருப்பான். பாங்டா மீன் தலை போடலன்னு வெச்சிக்கோ, மூஞ்சியத் திருப்பிக்கினு போயிடுவான். முள்ளுகூட மிச்சம் வெக்க மாட்டான்.”

அகல்யா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மூன்று வீட்டுக்காரர்களும் நிற்க, அம்பி எங்கள் கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்தும் அவனுக்குக் கூச்சமில்லை.

“எங்க வேணா சாப்பிடட்டும்” என்றாள் அகல்யா கடைசியில். “நம்மாத்துக்கு வரச்சே வாயை அலம்பிண்டு வரலாமோல்லியோ.”

ஆக, ஒரே பூனை மூன்று டாக்டர்களிடம் மூன்று ஊசி போட்டுக்கொண்டிருந்தது. மற்ற இருவரும் எங்களுக்கு முன்பே ஊசி போட்டு, வில்லையை மட்டும் பின்னால் வாங்கியிருந்தார்கள். டாக்டர் வியந்த சமத்து அனுபவத்தினால் வந்தது. கூடுதல் ஊசியால் கெடுதல் ஒன்றுமில்லை என்று போனில் டாக்டர் சொன்னதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஒரு பூனையை மூன்று வீடும் சேர்ந்து வளர்ப்பது, வில்லை ஒன்று போதும், உண்மையைச் செயலாளரிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது. உண்மையைச் சொல்லலாம் என்றது நான்தான். வங்கிக்காரனுக்கு அந்த வியாதி உண்டு.

சஹஸ்ரபுத்தே நாங்கள் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு திறந்தார்.

“நம்ம சொசைட்டில மூணு பூனை இருக்கு” என்றார்.

“ஒண்ணுதான் சார்” என்றேன்.

“மூணுன்னு மேலிடத்துக்குப் போயாச்சு. மேலே போனது கீழே வராது. மிஸ்டர் ஜம்புநாதன், நீங்க படிச்சவர், உங்களுக்குச் சொன்னா புரியும். இந்த வருஷம் பிராணி நல மண்டலத்துல ‘ஆதர்ஷப் பிராணி சொசைட்டி’ன்னு ஒரு விருது வெச்சிருக்காங்க. எல்லாப் பிராணிக்கும் ஊசி போட்டிருக்கணும், குறைஞ்சது மூணு பூனை இருக்கணும். நாய் எல்லா சொசைட்டிலயும்தான் இருக்கு. பூனைலதான் நாம மத்தவங்களைவிட உசந்து நிக்கறோம். எனக்குப் பூனையைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் சொசைட்டிக்காக நான் மூணு பூனையைச் சகிச்சுக்கறேன். உங்களால ரெண்டு பூனையை உண்டாக்க முடியாதா?”

“ரெண்டு பூனையும் இல்லையே சார்.”

“இல்லைன்னா எங்கே போச்சு? காணாம போயிருந்தா போலீஸ்ல எழுதிக் கொடுங்க. செத்துப்போயிருந்தா உடம்பைக் காட்டுங்க. இல்லவே இல்லைன்னு சொன்னா, ஒரே பூனைக்கு மூணு சான்றிதழ் வாங்கினது மோசடி. மோசடில சம்பந்தப்பட்ட பிராணியைக் கண்காணிப்புக் கூண்டுல வைப்பாங்க. விசாரணை முடியறவரைக்கும்.”

“எப்போ முடியும்?” என்று டோங்க்ரே வஹினி கேட்டார்.

“பூனைங்க சராசரியா எத்தனை வருஷம் இருக்கும்?” என்று சஹஸ்ரபுத்தே திருப்பிக் கேட்டார்.

அகல்யா என் கையைப் பிடித்தாள். நாங்கள் மூன்று பூனைகளோடு வெளியே வந்தோம்.

இதோடு விட்டிருந்தால் ஒரு பாதகமும் இல்லை. விருதுக்காக ஆய்வுக்கு வந்தவர்கள் தரைத்தளத்திலிருந்து மாடி மாடியாக ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் போஹா என்கிற அவல் உப்புமாவும் டீயும் கொடுத்தார்கள். அந்தந்த வீட்டு வில்லையை மட்டும் அம்பி கழுத்தில் மாற்றி மாற்றிக் கட்டினோம். முதல் மாடியில் மனியைப் பார்த்து, சரி என்றார்கள். அவர்கள் ஒரு தட்டு போஹாவை முடித்து இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் நான் குக்கரை வைத்தேன். அம்பி பால்கனி வழியாக வந்துசேர்ந்தான். சரி என்றார்கள். நான்காம் மாடியில் இருதயராஜ் பாங்டாவைப் பொரிக்க ஆரம்பித்தார். வாசனைக்கு அம்பி ஓடினான். அங்கேயும் சரி. எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டு அவர்களில் ஒருவர், “உங்க சொசைட்டி பூனைங்க எல்லாம் ஒரே ஜாடை” என்றார்.

“ஒரே குடும்பம்” என்றார் சஹஸ்ரபுத்தே.

விருது எங்களுக்குத்தான் என்று தகவல் வந்தது. அங்கேதான் பிடித்தது சனியன். விருது என்றால் சத்கார். சத்கார் என்றால் மேடை. நாய் பூனை எல்லாவற்றுக்கும் மேடையில் சால்வை போர்த்தவேண்டும் என்று சஹஸ்ரபுத்தே முடிவு செய்துவிட்டார். சால்வை போர்த்தாமல் படம் இல்லை, படம் இல்லாமல் விருது இல்லை. மூன்று பூனைகளும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், ஒரே படத்தில் இருந்தாகவேண்டும்.

“நீங்க கவலைப்படாதீங்க, ஏற்பாடு பண்ணிட்டேன்” என்று அவர் என் தோளைத் தட்டினார். அவர் தோளைத் தட்டினால் நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கிங்கில் பந்தல். முன்வரிசையில் எஜமானர்களின் காலடியில் நாய்கள். சிறப்பு விருந்தினர் டாக்டர் நிம்பால்கர். பிராணி நல மண்டலத்தின் துணை அதிகாரி. நேரம் கழித்துத்தான் வந்தார், அதுவும் சத்காரில் ஒரு சடங்கு. விளக்கேற்றினார்கள். விருந்தினருக்குச் சால்வை, தேங்காய். செயலாளருக்குச் சால்வை, தேங்காய். சால்வை கொண்டுவந்தவருக்கு ஒரு சால்வை. ஒவ்வொருவரும் பேச ஆரம்பிக்குமுன் மேடையிலிருந்த எல்லோர் பெயரையும் பட்டத்தோடு சொன்னார்கள். ஒரு வயசான லாப்ரடார் அதிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது.

நிம்பால்கர் பேசினார்.

“ரேபிஸ் ஒரு பயங்கரமான நோய். அதைவிடப் பயங்கரம் சரியான புள்ளிவிவரம் இல்லாதது. என் மண்டலத்தில் போன வருஷம் நாய்க்கடி பாதியாகக் குறைந்திருக்கிறது. எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடிபட்டவர்கள் புகார் எழுதிக்கொடுக்கும் கவுண்டரை வாரத்தில் பாதி நாள் மூடிவிட்டோம். எளிமையான நடவடிக்கை, பெரிய பலன். அடுத்த வருஷம் முழுவதும் மூடுவதாக உத்தேசம். அப்போது இந்த மண்டலத்தில் கடி என்பதே இருக்காது.”

கைதட்டல். சஹஸ்ரபுத்தே எழுந்து நின்று தட்டினார்.

“சிலர் கேட்கிறார்கள், தெருநாய்களுக்கு ஏன் ஊசி போடவில்லை என்று. தெருநாய்க்கு ஃப்ளாட் எண் கிடையாது. ஃப்ளாட் எண் இல்லாத ஒன்றை நாங்கள் எங்கே என்று எழுதுவது? பொறுப்புள்ள நாய்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அவற்றைத்தான் நாங்கள் தேடிப் பிடித்து ஊசி போடுகிறோம்.”

பிறகு பூனைகளை அழைத்தார்கள். சஹஸ்ரபுத்தேயின் ஏற்பாடு என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் அம்பி அன்றைக்குக் காலையிலிருந்து யார் கையிலும் அகப்படவில்லை. பந்தல் கட்டும் சத்தத்துக்கு எங்கேயோ ஒளிந்துகொண்டான். வில்லைகளை மட்டும் செயலாளர் முந்தின நாளே கழற்றி வாங்கியிருந்தார். வாட்ச்மேன் போபோடி மீன்சந்தையிலிருந்து மூன்று பூனைகளைக் கோணியில் கொண்டுவந்திருந்தான். ஒன்று கறுப்பு. ஒன்று மஞ்சள் வரி. மூன்றாவது என்ன நிறம் என்று கழுவினால்தான் சொல்லமுடியும். மூன்றின் கழுத்திலும் எங்கள் வில்லைகள்.

“ஃப்ளாட் 203, அம்பி” என்றார் சஹஸ்ரபுத்தே ஒலிபெருக்கியில். கறுப்புப் பூனையை என் கையில் கொடுத்தார்கள். ஒற்றைக் கண்ணோடு அது என்னைப் பார்த்த பார்வை எங்கள் வங்கியின் மண்டல மேலாளர் பார்க்கிற பார்வை. நிம்பால்கர் அதன் மேல் ஒரு கைத்துண்டைப் போர்த்தினார். சின்னதாக ஒரு தேங்காயையும் அதன் முன்னால் வைத்தார். டோங்க்ரே வஹினியிடம் மஞ்சள் வரி. இருதயராஜிடம் நிறம் தெரியாதது. “இது நம்ம டைகர் இல்ல சார்” என்று அவர் முணுமுணுத்தார். “சிரிங்க, படம் எடுக்கறாங்க” என்றார் சஹஸ்ரபுத்தே.

படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அகல்யா வரும்போது அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பந்தல் மேலிருந்து ஒரு வெள்ளைப் பூனை மேடையில் குதித்தது. இடது காதில் டிகாஷன். நேராக அகல்யாவைத் தேடிப் பார்த்தான். வழியில் பேடா தட்டு இருந்தது. உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான்.

“இது யாருடையது?” என்றார் நிம்பால்கர். “கழுத்தில் வில்லை இல்லை.”

 பந்தலுக்கு வெளியே வேன் நின்றுகொண்டிருந்தது. சத்காருக்காக அதையும் கழுவிப் பூமாலை போட்டிருந்தார்கள். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு வலையை எடுத்தான். அப்போது அகல்யா எழுந்தாள். என்னைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து மேடைப்பக்கம் போகாதவள் விறுவிறுவென்று ஏறினாள். அவளுடைய மராத்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் போதும். அதை வைத்துக்கொண்டே பேசினாள்.

“இது அம்பி. என் பையன் மாதிரி.”

நிம்பால்கர் என் கையிலிருந்த கறுப்புப் பூனையைக் காட்டினார். “அம்பிக்கு இப்பத்தானே சால்வை போட்டேன். ஒரு ஃப்ளாட்டுக்கு ஒண்ணுதான்.”

“அப்போ இது மனி” என்று டோங்க்ரே வஹினி முன்னால் வந்தார். அவர் கையில் மஞ்சள் வரி இருந்தது. “டைகர் சார் இது” என்றார் இருதயராஜ். அவர் கையில் நிறம் தெரியாதது.

வேறு வழியில்லை. நான் உண்மையைச் சொன்னேன். இந்த ஒரு பூனைதான் நிஜம், இதற்கு மூன்று ஊசி போட்டாகிவிட்டது, கையிலிருக்கும் மூன்றுக்கும் ஒரு ஊசிகூடப் போடவில்லை என்றேன். எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்டது. நிம்பால்கர் பொறுமையாகத் தலையாட்டினார்.

“நான் இந்தத் துறையில் முப்பது வருஷமாக இருக்கிறேன்” என்றார். “ஊசி போட்ட பூனைக்கும் போடாத பூனைக்கும் பார்வையில் ஒரு வித்தியாசமும் இருக்காது. அதனால்தான் வில்லை. வில்லை இருந்தால் போட்டது. வில்லை இல்லாவிட்டால் போடாதது. இதில்கூட சந்தேகம் வந்தால் அப்புறம் துறையே எதற்கு?”

அம்பியை வேனில் ஏற்றினால் சொசைட்டியில் ஊசி போடாத பிராணி இருந்ததென்று பதிவாகும், விருது போய்விடும். சஹஸ்ரபுத்தே நிம்பால்கர் காதில் ஏதோ சொன்னார். நிம்பால்கரின் முகம் மலர்ந்தது. மேடையிலேயே, எல்லோர் முன்னிலையிலும், உடனடி ஊசி. படமும் புதுமையாக இருக்கும். வேனிலிருந்து மருந்துப் பெட்டி வந்தது. உதவியாளர் ஊசியை எடுத்ததும் அம்பி பேடாவை விடாமலே திரும்பி முதுகைக் காட்டினான். கூட்டம் கைதட்டியது.

அம்பிக்கு நாலாவது ஊசி போட்டாயிற்று. அடுத்து யார் பேரில் எழுதுவது என்ற கேள்வி. எங்கள் மூன்று வீட்டிலும் ஆளுக்கு ஒரு பூனை இருந்தது. மற்றவர்களுக்கு நாய் இருந்தது, அல்லது நாய் இல்லாத நிம்மதி இருந்தது. நிம்பால்கர் கடிகாரத்தைப் பார்த்தார். வேன் டிரைவர் மறுபடி வலையை எடுத்தான்.

அகல்யா அழ ஆரம்பித்துவிட்டாள். சஹஸ்ரபுத்தே அவளைப் பார்த்தார். கையிலிருந்த விருதுக் கேடயத்தையும் பார்த்தார். எது அவரை அசைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “ஃப்ளாட் ஒண்ணு, என் பேர்ல எழுதுங்க” என்றார்.

“பெயர்?”

அவர் தவித்துப்போனார். வாழ்க்கையில் ஒரு பிராணிக்கும் பெயர் வைத்தறியாதவர். “மாஞ்சர்” என்றார். மராத்தியில் மாஞ்சர் என்றால் பூனை.

அப்படியாக அம்பி செயலாளர் வீட்டுக்குப் போனான். அந்தக் கறுப்பு ராட்சசன் அம்பி என்ற பேரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலை வைத்த தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்தது. பிறகு, இதை யார் கலந்தது என்பதுபோல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் முழங்கையில் கடித்தது. பல் ஆழமாக இறங்கிவிட்டது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே டாக்டரைப் பார்க்குமுன் ஒரு கவுண்டர் இருந்தது.

“எது கடிச்சது?”

“பூனை.”

“வீட்டுப் பூனையா? ஊசி போட்டிருக்கா?”

“சான்றிதழ் இருக்கு. ஆனா போடலை.”

அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “அம்பி, 203. போட்டிருக்கே. விருதுகூட வாங்கியிருக்கு. உங்களுக்கு எதுக்கு ஊசி? வீட்டுக்குப் போங்க.”

“சார், அந்த அம்பி வேற. இந்த அம்பி வேற. அந்த அம்பிதான் இப்போ மாஞ்சர்.”

அவர் பேனாவை ஜன்னல் பக்கம் நீட்டினார். “மனநலப் பிரிவு அடுத்த பில்டிங்” என்றார்.

நான் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, கவுண்டரில் ஆள் மாறியதும் திரும்ப வந்தேன். எங்கள் வளாகத்தில் ஒரு தெருநாய் கடித்தது என்றேன். மரியாதையாக உள்ளே அனுப்பினார்கள். டாக்டர் நல்லவர். முதல் ஊசியைப் போட்டு, மற்ற ஊசிகளுக்குத் தவறாமல் வரச் சொன்னார். ஊசியைப் பார்த்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அம்பி அளவுக்கு எனக்குச் சமத்துப் போதாது.

அன்று சாயங்காலம் குக்கர் விசில் அடித்தது. பால்கனியில் ஒற்றை வில்லைச் சத்தம். அகல்யா ஓடினாள். அம்பி உள்ளே வந்து, கறுப்பனின் மூக்கில் ஓர் அறை விட்டு, தயிர் சாதத்தில் உட்கார்ந்தான். பின்னாலேயே வாசல் மணி அடித்தது. சஹஸ்ரபுத்தே. கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. சட்டையெல்லாம் வெள்ளை முடி.

“மாஞ்சர் வந்தானா? பாலை அப்படியே வெச்சுட்டு வந்துட்டான். அவன் என் பேர்ல இருக்கான், வெளில சாப்பிடக் கூடாது.”

“அவனுக்குத் தயிர் சாதம்தான் பிடிக்கும்” என்றாள் அகல்யா. “தாளிக்காம. பெருங்காயம் ஒரு துளி.”

சஹஸ்ரபுத்தே வாசலிலேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பெருங்காயம் எந்தக் கடைல வாங்கறீங்க?” என்று கேட்டார். அகல்யா அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள்.

போகும்போதுதான் அவருக்கு வந்த வேலை ஞாபகம் வந்தது. “ஆஸ்பத்திரிலேர்ந்து தகவல் வந்திருக்கு. நம்ம வளாகத்துல உங்களை ஒரு நாய் கடிச்சதாமே. ஊசி போடாத நாய் இருந்தா விருதைத் திருப்பி வாங்கிடுவாங்க. என்ன நிறம் அது?”

பூனை என்று சொன்னால் அம்பி பேரில்தான் போய் முடியும். “கறுப்பு” என்றேன்.

“சரி. வாட்ச்மேன் கொண்டுவந்துடுவான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் மறுபடியும் பந்தல். வளாகத்தின் முதல் கடிபட்ட குடும்பத் தலைவருக்கு சத்கார். என் தோளில் சால்வை, ஒரு கையில் கட்டு, மறு கையில் தேங்காய். பக்கத்தில் எங்கிருந்தோ பிடித்து வந்த ஒரு கறுப்பு நாய், அதற்கும் சால்வை, கழுத்தில் புது வில்லை. என்னை அது அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறது. கடித்ததற்கு அது வருந்துவதாக சஹஸ்ரபுத்தே அதன் சார்பில் பேசினார். பெருந்தன்மையோடு மன்னித்ததற்காக நிம்பால்கர் என்னைப் பாராட்டினார். அவர் இன்னும் நான்கு பேர் பெயரைப் பட்டத்தோடு சொல்லவேண்டியிருந்தது.

சஹஸ்ரபுத்தேயின் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த அம்பி தலையைத் தூக்கினான். மேலே எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவன் சோம்பல் முறித்தான். விருந்தினர் காலைத் தாண்டி, தேங்காய்களைத் தாண்டி, நேராக வீட்டுக்குப் போய்விட்டான். எனக்கும் பசிதான். ஆனால் சால்வை போர்த்தியிருந்தார்கள்.